வெள்ளிக்கிழமை மிஷின்

"கேட்டா என்னட்டி செய்வாரு? கடிச்சா தின்னுருவாரு?"

"நாளைலருந்து வராதன்னுருவாரு. பக்கத்துப் பட்டறையில தங்கமயிலு மிஷின் கேட்டதுக்கு அப்படித்தான் சொல்லிட்டாங்க."

"சொல்லட்டும். எங்கூட வந்து கறிவேப்பில வில்லு."

போன மழைக்காலத்தில், தாராவிக் குழாயடியில் குடத்தோடு காத்து நின்றபோது சொர்ணம்மாளும் அவள் மகள் பேராச்சியும் பேசிக்கொண்டது அது. ஒரு வருஷம் ஓடிவிட்டது. பேராச்சி இன்னும் கேட்கவில்லை.

கரீம் பாட்சாவின் தோல் பட்டறையில் ஒன்பது வருஷமாக அவளுக்குப் பசை வேலை. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பர்ஸுக்கு வெட்டிய துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி ஒட்டிக் கொடுக்க வேண்டும். தையல் மிஷின்கள் மூன்றும் பலகை மேடைமேல் இருந்தன. அவற்றில் ஆண்கள்தான் உட்காருவார்கள். பசைக்கு மிஷின் கூலியில் பாதி.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளியும் மிஷின்காரர்களும் தொழுகைக்குப் போனால் மேடை ஒரு மணி நேரம் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் கழிவுத் தோலை வைத்து இரண்டு வருஷமாகத் தைத்துப் பழகியிருந்தாள். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. சொர்ணம்மாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் காலை வியாபாரத்தை முடித்து, நெத்திலிக் குழம்பும் சோறுமாக மகளின் பட்டறைக்கு வந்தாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. மராத்தியில் பேரம் பேசுவாள், அதே மராத்தியில் வைவாள். டிராம் நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, அது ஓடிய கடைசி நாளில் ஒரு சோலியும் இல்லாமல் தாதரில் ஏறிப் போரிபந்தர் வரை போய் வந்தவள்.

பேராச்சி கை கழுவ வெளியே போன நேரத்தில் உள்ளே 'கடகட'வென்று சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தாள். அம்மா மேடையேறி, மிஷின்காரன் ஜமால் பாதி தைத்து நிறுத்தியிருந்த பர்ஸோடு மிஷினை மிதித்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பறக்குதுட்டி இது!"

"எம்மா, காலை எடும்மா! சீலை, சீலை!"

மிஷின் நின்றது. சொர்ணம்மாளின் முந்தானை ஒரு சாண் நீளத்துக்குப் பர்ஸோடு சேர்ந்து தைபட்டிருந்தது. அதைப் பிரிக்கும் முன்பே வாசலில் செருப்புகள் கழன்றன. கரீம் பாட்சாவும் ஜமாலும் மற்றவர்களும் தொப்பியோடு நின்றார்கள்.

"அரே, என்ன இது ஆச்சி?" என்றார் கரீம் பாட்சா.

"ஒங்க மிஷின்கிட்டயே கேளுங்க பாய். வயசான பொம்பளையக் கையப் பிடிச்சு இழுத்தாலும் தேவலை, முந்தானையப் பிடிச்சிட்டு விடமாட்டேங்குது."

முதலில் ஜமால் சிரித்தான். பிறகு கத்திரியை எடுத்தான். "ஆச்சி, சேலைய வெட்டிருவோம். பர்ஸ் மாலெல்லாம் இன்னைக்கே சேட்டு கடைக்குப் போவணும்."

"வெட்டுல பாப்போம். ஒன் லுங்கில பாதி எனக்கு."

கரீம் பாட்சா குனிந்து பார்த்தார். நல்லவேளையாக ஓரத்துக் கோட்டை விட்டு ஊசி விலகவில்லை. ஆனாலும் தோலில் விழுந்த ஓட்டை மூடாது. தையலைப் பிரித்துவிட்டு அதே ஓட்டைகளில் மறுபடி தைக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் ஓரம் கிழியும்.

"நம்மால ஆவாது பாய்," என்றான் ஜமால்.

பேராச்சி மேடையேறினாள். ஒவ்வொரு தையலாகப் பிரித்து முந்தானையை விடுவித்தாள். அம்மாவை எழுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பர்ஸை ஊசியின் கீழ் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினாள். ஊசி முதல் ஓட்டையில் இறங்கியது. அடுத்ததில் இறங்கியது. ஒரு சாண் தூரமும் ஓர் ஓட்டைகூடத் தப்பவில்லை. சொர்ணம்மாள் பக்கத்தில் குனிந்து, "பாய், கீழ உள்ள நூலு மேல வந்து எப்படிப் பிடிக்குது? ஒருக்கா தெறந்து காட்டுங்களேன்," என்றாள்.

மகள் நூலை அறுத்ததும், கரீம் பாட்சா நிஜமாகவே தகட்டைத் தள்ளி, உள்ளே இருந்த சின்ன நூல்கண்டை அவளுக்குக் காட்டினார். "அட, இம்புட்டுக்காணு இருந்துக்கிட்டு!" என்று சொர்ணம்மாள் கைதட்டினாள். பேராச்சி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரீம் பாட்சா பர்ஸை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க பழகுனே?"

"இங்கதான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

"பலே," என்று பர்ஸை ஜமாலிடம் கொடுத்தார். அவன் அதைத் தன் உருப்படிகளோடு அடுக்கினான். "சரி, எறங்கு. பசை காயுது பார்," என்றார் முதலாளி பேராச்சியிடம்.

ஜமால் உட்காருவதற்காகப் பக்கத்தில் வந்து நின்றான். தரையில் சாக்கு கிடந்தது. ஒன்பது வருஷமாக அவள் முழங்கால் அழுத்திய இரண்டு இடங்கள் அதில் கறுத்துப் பளபளத்தன.

பேராச்சி ஸ்டூலை விட்டு எழவில்லை.

"பாய், எனக்கு ஒரு மிஷின் வேணும். ஜமாலண்ணனுக்கு என்ன கூலியோ, அந்தக் கூலிக்கு."