மேசைதட்டியின் முதல் கையெழுத்து

தொகுதியில் அவருக்கு வைத்த பெயர் மேசைதட்டி. பின்னே என்ன? பதினெட்டு வருஷமாகச் சட்டசபை உறுப்பினர். ஒரு நாளாவது சபையில் எழுந்து வாய் திறந்தாரா? திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்! ஆனால் தட்டுவதில் மன்னன். முதல் மந்திரியான கட்சித் தலைவர் தன் பேச்சில் எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றுகிறாரோ, அந்த இடத்தில் தட்ட வேண்டும். கண்ணாடி மூக்கை விடுவதற்குள் இவர் கை மேசையில் இறங்கியிருக்கும். மற்றவர்கள் இவரைப் பார்த்துத்தான் தட்டுவார்கள். பேச்சைக் காதில் வாங்கினால் கண்ணாடியைக் கோட்டைவிட்டுவிடுவோம் என்பது அவருடைய தொழில் ரகசியம். அந்தக் கைக்காகவே மறுபடி மறுபடி தேர்தலில் நிற்க இடம் கொடுத்தார்கள்.

அவர் மனைவி ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். அந்த ஆஸ்பத்திரியைத் தலைவருடைய மருமகனின் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அறிவிப்பு வரவிருந்த காலையில் அந்த அம்மாள் ஒரு சீட்டில் நாலு வரி எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

“எழுந்து நின்னு இதைப் படிங்க, போதும். அடுத்த ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேரம் ஆகும். வலி வந்தவ அதுவரைக்கும் தாங்குவாளா?”

“கண்டிப்பா படிக்கிறேம்மா. என் மேல நம்பிக்கை இல்லையா?”

“இல்ல,” என்றாள்.

மனுஷர் உண்மையிலேயே படிக்கத்தான் நினைத்தார். சபையில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பேச்சைக் காதில் வாங்கினார். ஆஸ்பத்திரியை மருமகன் ஊருக்கு மாற்றுவதாகத் தலைவர் சொன்னதும், எழுந்தே விட்டார். சீட்டும் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

பாழாய்ப்போன கை! தடார் தடார் என்று தட்டியது. சபையே கூடத் தட்டியது.

தலைவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “பாத்தீங்களா? அந்த ஊர்க்காரரே எழுந்து நின்னு தட்டுறாரு!”

ஒரே வாரத்தில் அவரைச் சுகாதார மந்திரி ஆக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்? பதவியேற்ற அன்று செயலாளர் ஒரு ஃபைலை நீட்டி, விரல் வைத்த இடத்தில் கையெழுத்துக் கேட்டார். மந்திரி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே போட்டுக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை பொதுமக்களிடம் மனு வாங்கும் நாள். பதினொன்றாவது ஆளாக, யூனிஃபார்மோடு, அவர் மனைவி வந்து நின்றாள்.

“நீ எதுக்கு வரிசையில வர்றே? வீட்டுல சொல்லக் கூடாதா?”

“வீட்டுல சொன்னது உங்க காதுல ஏறலையே. இங்கன்னா ரசீதாவது கொடுக்குறாங்க.”

நீட்டிய தாளை வாங்கினார். ஆஸ்பத்திரியையும் நாற்பத்திரண்டு நர்ஸ்களையும் இடமாற்றும் உத்தரவு. முதல் பெயர் அவளுடையது. அடியில் அவருடைய கையெழுத்து, நன்றாகச் சுழித்துப் போட்டது.

“ஐயோ! இதுல உன் பேரும் இருக்கா?”

“படிக்காமலா போட்டீங்க?”

“சரி விடு, ஒரு போன் போதும். உன் பேரை மட்டும் எடுத்துடச் சொல்றேன்.”

“என் பேரை மட்டுமா?”

அவர் எடுத்த போனைத் திரும்ப வைத்தார்.

“நோயாளி அங்கே, நர்ஸ் இங்கேயா? நான் போறேங்க. புது வார்டைத் தயார் பண்ண இன்னைக்குச் சாயங்காலமே பஸ். உங்க மாத்திரை அலமாரியில இருக்கு. நெஞ்சு வலின்னா கிளம்பி வாங்க. உயிரோட வந்து சேர்ந்தா நான் பாத்துக்கிறேன்.”

ரசீதை வாங்கிக்கொண்டு நடந்தாள். மந்திரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். கூப்பிட நினைத்தார், அதற்குள் உதவியாளர் அடுத்த ஆளை உள்ளே விட்டுவிட்டார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஐயா, எனக்குச் சனிக்கிழமைன்னு டாக்டர் தேதி சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் ஆஸ்பத்திரி இருக்குமாய்யா?”

அவர் தான் போட்ட உத்தரவை முதல் வரியிலிருந்து படித்தார். வெள்ளிக்கிழமை என்று இருந்தது.