பெட்டியைத் தூக்கும் பெண்

மூன்று வருஷமாக மினோரி கசாய் வரைந்ததெல்லாம் அடுத்தவர் படங்களுக்கு நடுவே வரும் இடைப்படங்கள்தான். ஆள் குனிந்திருப்பதை மூலப்படக்காரர் வரைவார், நிமிர்ந்திருப்பதையும் அவரே வரைவார். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஐந்து படம் மினோரிக்கு. அவற்றைப் பார்த்து ‘இது மினோரி போட்டது’ என்று யாருக்காவது தெரிந்தால் தப்பு.

டோக்கியோவில் அந்த அனிமேஷன் படக்கூடத்தில் பதினெட்டு மேசைகள். எல்லார் காதிலும் ஹெட்ஃபோன். காலையில் உட்கார்ந்தால் சாயந்தரம் வரை பென்சில் உரசும் சத்தம் மட்டுந்தான். பக்கத்து மேசைக்காரியின் குரல் எப்படி இருக்கும் என்றுகூட மினோரிக்குத் தெரியாது. மதியம் கடையில் வாங்கிய சோற்றுருண்டையை மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகத் தின்பாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மூலப்படத் தேர்வு. தேறினால் அவளும் மூலப்படக்காரி. யார் எழுதலாம் என்று சொல்வது இடைப்படங்களைச் சரிபார்க்கும் ஒனுமா. “உன் பேரைக் குடுத்திருக்கேன். இந்த ஒரு வாரம் ஒழுங்கா இரு” என்று அவள் சொல்லி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அப்போது பார்த்து அந்தக் காட்சி வந்தது. துறைமுகத்தில் ஒரு பெண் சிப்பிப் பெட்டியைத் தூக்குகிறாள். மூலப்படம் தோகாஷியுடையது. முதல் படத்தில் குனிகிறாள், அடுத்ததில் பெட்டி மார்பில் இருக்கிறது. நடுவே சமமாகப் பிரி என்று ஓரத்தில் குறித்திருந்தார். பெட்டிக்குள் என்ன, பஞ்சா இருக்கிறது?

மினோரி வடக்கே அவோமோரிக் கடற்கரைக்காரி. அம்மா சிப்பிப் பெட்டி சுமந்தவள். பள்ளிக்கூடம் போகுமுன் மினோரியும் சுமந்தாள். ஓய்ந்த நேரத்தில், வீணான ரசீதுத் தாள்களில் அம்மாவின் முதுகைத் தாளுக்கொன்றாக வரைந்து, சரசரவென்று விரலால் தள்ளினாள். முதுகு எழுந்து நின்றது! வேறு எந்த வேலையும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கனத்த பெட்டியைக் கை முதலில் தூக்காது. இடுப்பு இறங்கும். முழங்கால் பெட்டியை முட்டி அசைக்கும். மூச்சு ஒரு கணம் நிற்கும். பிறகுதான் பெட்டி தொடைக்கு ஏறும். மினோரி மாடிப்படிக்குப் போய் ஒரு தாள்கட்டுப் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து அப்படியே வரைந்து கொடுத்துவிட்டாள். மூலப்படத்தை அவள் மீறியது மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஒனுமா தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள்.

“கசாய்-சான், இங்க வா. யாரைக் கேட்டு மாத்தின?”

“அந்தப் பெட்டி முப்பது கிலோங்க. கையால வராது.”

“நான் எடையா கேட்டேன்?”

காபியோடு வந்த தோகாஷி தாள்களை வாங்கிப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “அட! என்னோடது தலகாணியத் தூக்கற மாதிரில்ல இருக்கு!”

“அப்போ இதையே வச்சுக்கலாங்களா?” மினோரிக்கு வாய் தவறி வந்துவிட்டது.

அவர் சிரிப்பு நின்றது. “படத்துல வர்றது என் பேரும்மா. நானே திருத்தித் தர்றேன். நீ நடுவுல மட்டும் போடு.”

அவர் போனதும் ஒனுமா குரலைத் தாழ்த்தினாள். “படம் நல்லாதான் இருக்கு. அதான் கஷ்டம். இதை விட்டா நாளைக்கு ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க. தேர்வுலேருந்து உன் பேரை எடுத்துடறேன். அடுத்த வருஷம் பாப்போம்.”

“சரிங்க.” மினோரி குனிந்து வணங்கிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். ஒரு தலையும் நிமிரவில்லை. அம்மாவுக்குப் போன் போடலாமா என்று தோன்றியது. என்னவென்று சொல்வது? உன்னை மாதிரியே வரைந்து மாட்டிக்கொண்டேன் என்றா?

மறுநாள் தோகாஷியின் புதுப் படங்கள் மேசையில் கிடந்தன. இடுப்பு இறங்கியிருந்தது, முழங்கால் முட்டியது. எல்லாம் அவளுடையதேதான், அவர் கோட்டில். ஆனால் பாதம் இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார். பாசி வழுக்கும் தளத்தில் அப்படி நிற்பவள் பெட்டியோடு கடலுக்குள்தான் போவாள்.

மினோரி அடியில் விளக்கெரியும் பலகையில் தாளைப் பொருத்தினாள். பென்சிலைச் சீவினாள். அவர் போட்டிருந்தபடியே பாதங்களை ஒட்டி வரைந்தாள்.