கேலரிக்குக் கீழே பீரான்

பீரான் வாயிலிருந்து கேட்டால்தான் கால்பந்தாட்டம் பார்த்த மாதிரி என்று அரீக்கோட்டுப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள்கூட, பிறகு ஆலிக்குட்டியின் சாயாக்கடைக்கு வந்து பீரான் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மற்ற ஆறு நாளும் அவர் மர டிப்போவில் வேலை செய்தார். அங்கே அவர் அதிகம் பேசுவதில்லை.

அவர் மகள் ரம்லத் எட்டு வயதில் முதல் ஆட்டம் பார்க்கப் போனது ஆசைப்பட்டு அல்ல. தன் தங்கைக்குப் பிரசவம் என்று உம்மா நிலம்பூருக்குப் போயிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பீரான் இரண்டு நாள் யோசித்தார். வேறு வழி தோன்றவில்லை. ஞாயிறு மதியம், "கிளம்பு, போலாம்" என்றார்.

அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். சுற்றிலும் கமுகுமரக் கம்பங்களைக் கட்டி, மேலே பலகை அடித்து கேலரி போட்டிருந்தார்கள். லக்கி பிரதர்ஸுக்கும் அக்கரை யுனைடெட்டுக்கும் ஆட்டம். பக்கத்துக்கு ஏழு பேர். லக்கி பிரதர்ஸ் உள்ளூர் அணி. அக்கரை என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். ரம்லத்தின் மாமாக்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

பீரான் மகளை நான்காவது வரிசையில் உட்காரவைத்து, உப்புநீரில் ஊறின நெல்லிக்காயை ஒரு காகிதத்தில் வாங்கிக் கொடுத்தார். விசில் ஊதியதும் எழுந்தார்.

"மோளே, நீ இங்கயே இரு. நான் கீழ இருக்கேன்."

"கீழன்னா எங்க?"

"உன் காலுக்கு நேர் கீழ."

ரம்லத் பலகை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். கம்பங்களுக்கு நடுவே ஒரு கல் கிடந்தது. பல வருஷமாக ஆள் உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. உப்பா மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு வாய்க்காலும் கட்டிப்போட்ட எருமையும்தான் இருந்தன.

"உப்பா, அங்கிருந்து ஒண்ணும் தெரியாதே."

"தெரியக்கூடாதுன்னுதான். நான் பார்த்தா நம்ம ஆளுங்க தோத்துடுவாங்க. ரெண்டு ஃபைனல் பார்த்துத் தொலைச்சேன். போதும்."

"அப்ப கடையில எப்படிச் சொல்றீங்க?"

"கூட்டம் போடுற சத்தத்துல பாதி தெரிஞ்சிடும். மீதியை நான் பார்த்துக்குவேன். இன்னைக்குத்தான் நீ இருக்கியே. என்ன நடக்குது, சொல்லு."

"ஓடுறாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

"பந்து?"

"அதுவும் ஓடுது."

"நீலச்சட்டை நம்ம ஆளு. அதை வெச்சுச் சொல்லு" என்றது கீழிருந்து குரல்.

அதன்பிறகு அவளுக்கு எளிதாக இருந்தது. ஒல்லியான ஒரு நீலச்சட்டைக்காரன் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்தான், தடுக்கி விழுந்தான், பந்து அவன் முழங்காலில் பட்டு கோலுக்குள் போனது. அவள் அப்படியே சொன்னாள். கேலரி முழுக்க எழுந்து குதித்ததில் பீரான் தலையில் மண் கொட்டியது. "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் பாதியில் இன்னொரு கோல், தலையால் முட்டியது. அதையும் சொன்னாள்.

ஆட்டம் முடிய இருந்த நேரத்தில் நீலச்சட்டைக்காரன் ஒருவன் கையில் பந்து பட்டுவிட்டது. அக்கரைக்குப் பெனால்டி என்று பக்கத்திலிருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். ரம்லத் அதையும் கீழே சொன்னாள். சொல்லிவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்தாள். உப்பா கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தார். உம்மாவுக்குக் காய்ச்சல் முற்றிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே முகம்.

அக்கரைக்காரன் உதைத்தான். பந்து உள்ளே போனது.

"கத்துறாங்களே, என்ன ஆச்சு?"

"கீப்பர் பிடிச்சிட்டாரு."

"அக்கரைக்காரங்க குரல் மாதிரி இருக்கே."

"வருத்தத்துல கத்துறாங்க உப்பா."

அவ்வளவு சுலபமாக அது வாயில் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

சாயாக்கடையில் அன்று நல்ல கூட்டம். மகளுக்கு அரிசிமாவில் பொரிச்ச பத்திரி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு பீரான் ஆரம்பித்தார். முதல் கோலில் ஒல்லிப்பையன் விழவே இல்லை. விழுவதுபோல் காட்டி, இரண்டு பேரையும் ஏமாற்றி, முழங்காலால் பந்தைத் திருப்பிவிட்டான். மூலையில் அந்த ஒல்லிப்பையன் குஞ்ஞாப்புவே முழங்காலில் கட்டோடு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா பீரானிக்கா, அப்படித்தான்" என்றான்.

பிறகு பெனால்டி வந்தது. கீப்பர் இடப்பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்த விதத்தைப் பீரான் கையை நீட்டிக் காட்டினார். ஆலிக்குட்டி சாயா ஆற்றுவதை நிறுத்தினார்.

"இக்கா, அது கோல் ஆச்சே. நாம ஜெயிச்சது ரெண்டுக்கு ஒண்ணு."

பீரான் மகளைப் பார்த்தார். மகள் பத்திரியைப் பார்த்தாள்.

"ஆச்சு. நான் ஆகலைன்னா சொன்னேன்?" என்றார் பீரான், நீட்டிய கையை மடக்காமலே. "ஆனா நம்ம ஆளு கை பந்துல பட்டுச்சா, பந்து வந்து அவன் கையில பட்டுச்சா? அது பெனால்டியே இல்ல. இல்லாத பெனால்டில போறது எப்படிக் கோலாகும்? என்னைப் பொறுத்தவரைக்கும் கீப்பர் பிடிச்சது பிடிச்சதுதான்."

கடை யோசித்தது. ஒருவர் அதுவும் சரிதான் என்றார். இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு கேட்டுக் கலையும்போது, பாதிப் பேர் இரண்டுக்குச் சைபர் என்றே வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தருகே வந்ததும் பீரான் சொன்னார்.

"உள்ள போச்சுன்னா போச்சுன்னு சொல்லணும் மோளே."

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"சங்கடப்படத்தானே நான் கீழ போய் உட்கார்றேன்."

அடுத்த ஞாயிறு உம்மா ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். அப்படியும் பீரான் மகளைக் கிளப்பினார். எதற்கு என்று உம்மா கேட்டதற்கு, "இவளுக்கு ஆட்டம் நல்லாப் பிடிபடுது" என்றார். அன்று லக்கி பிரதர்ஸ் நான்கு கோல் வாங்கியது. நான்கையும் ரம்லத் உள்ளது உள்ளபடி சொன்னாள். முதல் மூன்றுக்கும் கீழிருந்து சத்தமே இல்லை. நாலாவதைச் சொல்லும்போது அவள், "இது ரொம்ப அழகா இருந்துச்சு உப்பா" என்றாள்.



"அப்படியா?" என்றார் பீரான். "மறுபடி சொல்லு. கொஞ்சம் மெதுவா."