இரண்டு ஆள் இன்ஜின்

முகத்துவாரத்தைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் இன்ஜின் சத்தம் மாறியிருப்பது ஆதிநாராயணனுக்கு உறைத்தது. அதுவரை அவன் கவனமெல்லாம் வலையில் இருந்தது. கையால் வலையை விட்டுக்கொண்டு, காலால் சுக்கானை அழுத்திப் பிடித்திருந்தான். திரும்பிப் பார்த்தான். இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வெளியே கொட்ட வேண்டிய தண்ணீர் கொட்டவில்லை. குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. பெயின்ட் தீயும் நாற்றம் அடித்தது.

போட்டின் பக்கவாட்டில் குனிந்து கைவிட்டான். தண்ணீர் இழுக்கும் துளையில் ஒரு பாலிதீன் பை அப்பிக்கொண்டிருந்தது. இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டிருக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் வலை பாதி கடலில், பாதி போட்டில். இன்ஜின் நின்றால் நீரோட்டத்தில் போட் திரும்பி வலைமேலேயே ஏறிவிடும். பையைப் பிய்த்து எறிந்தான். குளிர்ந்த கடல்தண்ணீர் கொதிக்கும் இரும்புக்குள் பாய்ந்தது. கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றினால் கேட்குமே, அப்படி உள்ளே எங்கோ ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இருமி நின்றது.

அது இரண்டு பேர் போகிற போட். இருபது வருஷமாக அவனும் அவன் தங்கை புருஷன் சகாதேவனும் அதில் போனார்கள். ஒருவன் வலை விட்டால் மற்றவன் இன்ஜின் பக்கம் உட்கார்ந்திருப்பான். போன பங்குனியில் சகாதேவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தான். தங்கை பச்சையம்மாவையும் பிள்ளைகளையும் மீஞ்சூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். சண்டை எதுவும் இல்லை. ஆதிநாராயணன் கல்யாணம் செய்துகொள்ளாதவன். தங்கை வீட்டோடு இருந்தவன். அவர்கள் போன பிறகு அதே வீட்டில் ஒருவேளை சமைத்து இரண்டுவேளை சாப்பிட்டான். கூலிக்கு வந்த ஆட்கள் நாலு நாள் வந்தார்கள், பிறகு அவர்களும் துறைமுகத்துக்குப் போனார்கள்.

மதியத்துக்கு மேல் பக்கத்துக் குப்பத்துப் போட் ஒன்று வந்து கயிறு வீசி இழுத்துக்கொண்டு போனது. "ஒண்டியா ஏன்யா கடலுக்கு வர்ற?" என்று அதிலிருந்த ஒருவன் கத்தினான். ஆதிநாராயணன் கயிற்றைக் கட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டான்.

பழவேற்காட்டில், டச்சுக்காரர் கல்லறைக்குப் பின்தெருவில் மெக்கானிக் தானியேலின் ஷெட். தானியேல் எண்ணெயைத் திறந்துவிட்டதும் பால் டீ மாதிரி வெளுத்து வழிந்தது. தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இன்ஜினின் தலையைக் கழற்றி, அடியிலிருந்த இரும்பு பிளாக்கைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினான். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெள்ளைப் பொடியில் மெல்ல ஒரு கருப்புக் கோடு ஊறி எழுந்தது. சிலிண்டர் சுவரில் தொடங்கி போல்ட் துளை வரைக்கும் போயிருந்தது.

"ரெண்டு வழி கீதுண்ணா," என்றான் தானியேல். "பிளாக்கை சென்னைக்கு அனுப்பி விரிசலைக் கட்டலாம். சிலிண்டருக்குள்ள புதுசா ஸ்லீவு குழாய் எறக்கலாம். ஓடும். ஆனா கட்டின பிளாக்கு. சூடு ஏறுதா, எண்ணெய் வெளுக்குதான்னு ஒரு ஆள் கண்ணை எடுக்காம பார்த்துக்கினே இருக்கணும்."

"புது பிளாக்கு போட்டா?"

"இந்த மாடலே இப்போ வர்றதில்ல. பழசு கெடைச்சாலும் எவன் எத்தினி வாட்டி லேத்துல கடைஞ்சானோ, தெர்ல. மாத்தறதுன்னா இன்ஜினையே மாத்தணும். சின்னதா, ஒரே ஆள் தூக்கற மாதிரி. பழவேற்காடு ஏரிக்கு அது போதும். கடலுக்குத் தாங்காது."

"செலவு?"

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அது விசயம் இல்ல. போட்ல உன்கூட யாரு வர்றாங்க? அதச் சொல்லு மொதல்ல."

ஆதிநாராயணன் பிளாக்கின் மேல் கையை வைத்தான். இரும்பு சில்லென்று இருந்தது. "யோசிச்சி சொல்றேன்பா," என்றான்.

மறுநாள் காட்டுப்பள்ளிக்குப் போனான். துறைமுகக் கேட்டுக்கு எதிரே புங்கமர நிழலில் நின்று சகாதேவனைத் தேடினான். அவனை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. நீலச்சட்டையும் தொப்பியும் கருப்பு ஷூவும் போட்டுக்கொண்டு சகாதேவன் விறைப்பாக நின்றிருந்தான். இவனைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"இன்னா மச்சான், சொல்லாம கொள்ளாம? வூட்ல எல்லாரும்..."

"வூட்ல நான்தான கீறேன்."

சகாதேவன் சிரிக்க முயன்றான். ஆதிநாராயணன் சொன்னான்: "பிளாக்கு விரிசல் வுட்டுடுச்சி."

"தண்ணி கொட்டலியா?"

"பை அடைச்சிக்கிச்சி."

"நான் இருந்தா பார்த்திருப்பேன்," என்றான் சகாதேவன். சொன்ன பிறகு ஷூவைப் பார்த்துக்கொண்டான்.

வர்றியா என்று கேட்கத்தான் ஆதிநாராயணன் வந்திருந்தான். பஸ்ஸில் வரும்போது அதை எப்படிக் கேட்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி வந்து ஹாரன் அடித்தது. சகாதேவன் ஓடிப்போய்ச் சீட்டை வாங்கிப் பார்த்து, தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டான். திரும்பி வரும்போதே பேசிக்கொண்டு வந்தான்.

"கட்டாத மச்சான். மாத்திடு. ஒண்டியா போற நீ. கட்டின பிளாக்கு நடுக்கடல்ல கைவுட்டா யாரு துடுப்பு போடறது? சின்ன இன்ஜினா போட்டுக்கோ. ஏரியே போதும்."

ஒண்டியா போற நீ. அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆதிநாராயணனுக்குத் தோன்றியது. தங்கையைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினான். ஊர் வந்து சேரும்வரை யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. பஸ் காலியாகத்தான் இருந்தது.

தானியேல் புது இன்ஜினை வாங்கிவந்து போட்டில் மாட்டினான். காற்றிலேயே குளிர்கிற சின்ன இன்ஜின். சுக்கான் கம்பும் அதோடு சேர்ந்தே இருந்ததால், ஒருவன் பின்னால் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். நடுவில் இருந்த பலகையைக் கழற்றி, அந்த இடத்தில் நண்டு வலையை வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். பழைய இன்ஜினைப் பழைய இரும்புக்காரன் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான். ஆதிநாராயணன் ஒரு கை பிடித்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகாதேவன் வந்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கரைக்குப் போனான். போட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பலகை இருந்த இடத்தைக் கையால் தடவினான்.

"பழசு எங்க?"

"இரும்புக்குப் போட்டாச்சி."

சகாதேவன் மணலில் உட்கார்ந்தான். "கட்டி வெச்சிருப்பன்னு நெனச்சேன்."

"நீதான மாத்தச் சொன்ன?"

"சொன்னேன். கேட்டுல நின்னுகினு வேற இன்னாத்த சொல்லுவேன்? நீ ஒண்டியா போய் எங்கனா மாட்டிக்கப் போறியோன்னு பயந்துகினு சொன்னேன்." ஒரு கைப்பிடி மணலை எடுத்து விரலிடுக்கில் விட்டான். "ஒரு வருசம் பார்த்துட்டு வந்துடலாம்னு பச்சையம்மாகிட்ட சொல்லிகினு இருந்தேன். அங்க ஒரு ஆளோட ஒரு வார்த்த பேச முடியல மச்சான். நாள் பூரா லாரி நம்பர்தான்."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீ கேக்கலியே."

அன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன் என்று ஆதிநாராயணன் சொல்லியிருக்கலாம். இப்போது அதைச் சொன்னால் அவன் இன்னும் நொந்துபோவான். "வா, சோறு துன்னலாம்," என்றான்.

மடவை மீன் குழம்பு வைத்திருந்தான். உப்பு அதிகம். ஆனாலும் சகாதேவன் இரண்டாம்முறையும் வாங்கிச் சாப்பிட்டான். ஆறுமணி பஸ்ஸுக்கு முன்பே கிளம்பவேண்டியிருந்தது. பஸ் படியில் நின்றுகொண்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்," என்று கத்தினான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த வாரம், டபுள் டியூட்டி போட்டுவிட்டார்கள் என்று போன் வந்தது. பிறகு போனும் குறைந்தது.

ஆதிநாராயணன் ஏரிக்குப் போகத் தொடங்கினான். சின்ன இன்ஜின் ஒரே இழுப்பில் கிளம்பியது; அதைக் குறைசொல்ல முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் தூரத்தில் கும்பலாகப் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைவது கேட்டது. அன்று வலையில் நண்டு நிறைய விழுந்திருந்தது. பிரிக்கப் பிரிக்க வெயில் ஏறியது. இன்னொரு ஆள் இருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று நினைத்தான். பிறகு அதையும் நினைக்காமல், கடி படாதபடி ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூடையில் போட்டான்.