சமாதானச் சோற்றைச் சுற்றி

விடியற்காலைக் கருக்கலில் மால்சுன் மண்டி போட்டுத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கொரியாவின் மோக்போ துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் சமாதான மாளிகையின் முன்கூடம் முழுக்கப் பளிங்கு. நடுவில் ஒரு மரத்தொட்டி. பத்துப் பேர் படுத்துப் புரளலாம், அத்தனை பெரிது. அதைச் சுற்றி வட்டமாக ஒட்டியிருந்த மஞ்சள் நாடாக்களைப் பிய்ப்பதுதான் முதல் வேலை. நாடா வந்துவிடும், பசை வராது. சாராய நெடியடிக்கும் தண்ணீரில் துணியைத் தோய்த்து, தகட்டுக் கத்தியால் நகக்கண் நோகச் சுரண்ட வேண்டும்.

"மறுபடியும் ஏண்டி மாத்தச் சொல்றாங்க?" என்றாள் மால்சுன்.

பக்கத்தில் சுரண்டிக்கொண்டிருந்த கும்சில் நிமிராமல் சொன்னாள்: "நாடுகளுக்குள்ள ஒத்துமை வரணுமில்லக்கா? அது வர்ற வரைக்கும் நம்ம முட்டிதான் தேயணும்."

இன்று உலக அமைதி மாநாடு. ஒவ்வொரு நாட்டுப் பெரிய மனிதரும் படகுத் துடுப்பு மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தொட்டியில் சோற்றையும் காய்கறியையும் மிளகாய்ப் பசையையும் சேர்த்துப் பிசைவார்கள். உலகமே ஒன்றாய்க் கலந்துவிட்டது என்று அர்த்தம். யார் எங்கே நிற்பது என்பதற்குத்தான் நாடா. முதலில் கொரிய எழுத்து வரிசைப்படி ஒட்டினார்கள். ஒருவர் தலையில் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. இரண்டு தூதரகங்களும் தொலைபேசியில் குதித்தன. மாற்றி ஒட்டினார்கள். இன்னொரு நாட்டைத் தூண் மறைத்தது. கேமராவில் தெரியாவிட்டால் அவர்களுக்கு அமைதி வேண்டாமாம். அதையும் பிய்த்தாயிற்று. தோளோடு தோள் உரசக் கூசுகிறவர்கள் சோற்றை மட்டும் கூடிப் பிசையப் போகிறார்கள்.

பிசையட்டும். மால்சுன் மனசு அங்கே இல்லை. அது ஆஸ்பத்திரியில், வாய் ஒரு பக்கம் கோணிப்போய்க் கிடந்த ஓக்நாமிடம் இருந்தது.

ஓக்நாமும் இவர்களோடு தரை துடைத்தவள்தான். துப்புரவுப் பெண்களுக்கு அந்த மாளிகையில் விட்டிருந்த இடம் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து. கூரை சரிந்து இறங்கும். தலை நிமிர்ந்தால் இடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் ஓயாமல் உறுமும். சன்னல் கிடையாது. ஆடி மாதப் புழுக்கத்தில் உள்ளே போனால் சோளம் வேகிற பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். மேலே சாப்பிடக் கூடாது, கிம்ச்சி ஊறுகாய் வாடை விருந்தாளிகளுக்கு ஆகாது என்று உத்தரவு. அதனால் சோறும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். கதவோரம் மட்டும் கொஞ்சம் காற்று வரும். அந்த இடத்தில் முறை வைத்துப் படுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு மத்தியானம் கதவோரம் ஓக்நாமின் முறை. கும்சிலுக்கு மண்டை இடி. "நீ படுடி. எனக்கு எங்க கிடந்தாலும் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டு ஓக்நாம் மோட்டார்ச் சுவரோரம் நகர்ந்துகொண்டாள். எழுப்பும்போது அவள் எழவில்லை. இடது கையும் காலும் துணியாய்த் துவண்டு கிடந்தன.

இரக்கம் என்றால் என்ன என்று மேல் மாடியில் கருத்தரங்கு நடத்துவார்கள். மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பழச்சாறு குடிப்பார்கள்.

பசை முக்கால்வாசி போனபோது இயக்குநர் பியோன் வந்தார். சட்டையில் வெள்ளிப் புறா குத்தியிருந்தார்.

"மால்சுன் அம்மா! விடியறதுக்கு முன்னாடியே வேலையா? உங்க உழைப்புதான் இந்த மாளிகைக்கே அஸ்திவாரம்."

"அதான் எங்களை அடியில போட்டு வச்சிருக்காங்க போல" என்று கும்சில் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பியோன் சிரித்துக்கொண்டார். "ஒரு சின்ன உதவி. படிக்கட்டுக்கு அடியில கிடக்கிற சாமானையெல்லாம் விருந்தாளிங்க வர்றதுக்குள்ள காலி பண்ணிடுங்க. மடக்கு நாற்காலி அடுக்கணும்."

"நாங்க சாப்பிட்டுப் படுக்கிற இடமாச்சே ஐயா. ஓக்நாம் விழுந்ததும் அங்கதானே?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். அது சாமான் அறை. அவங்களாப் போய்ப் படுத்துட்டாங்க. யாரு படுக்கச் சொன்னா? நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்திலேர்ந்து அவங்க விழுந்த இடத்தைப் பார்க்க வர்றாங்க. அங்க நாற்காலிதான் இருக்கணும்."

"அப்ப அவ வைத்தியத்துக்கு?"

"கம்பெனி அனுதாபப்படும்மா. நிச்சயமா அனுதாபப்படும்." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஒரு நல்ல சேதி. இன்னிக்குப் பட்டு ஹான்போக் உடுத்திக்கிட்டு, தொழிலாளர் சார்புல நீங்களும் ஒரு துடுப்புப் பிடிக்கிறீங்க. சமத்துவம்னா அதுக்கு ஒரு முகம் வேணும் இல்லையா? வெளிநாட்டுக்காரங்க உங்க முகத்தைப் பார்த்தா உருகிடுவாங்க."

"அக்கா முகத்தைப் பார்த்து அவங்க வீட்டுக்காரரே உருகினது கிடையாது ஐயா" என்றாள் கும்சில்.

மால்சுன் சிரிக்கவில்லை. "பிசைஞ்ச சோத்தை யாரு ஐயா சாப்பிடுவா?"

"சாப்பிடவா? அது படத்துக்கும்மா. அவங்களுக்கு மேல தனி விருந்து. இதை அப்புறம் நீங்க குப்பையில அள்ளிடுவீங்க."

புறா பளபளக்க அவர் போய்விட்டார்.

படிக்கட்டுப் பொந்தில் எல்லோரும் தலை குனிந்து கூடினார்கள். எதிர்த்தால் என்ன நடக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரன் ஒரு வார்த்தையில் அத்தனை பேரையும் கழற்றிவிடுவான். அறுபது தாண்டிய மால்சுனுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்?

"காலி பண்ணிட்டா ஓக்நாம் அக்கா பொய்க்காரி ஆயிடுவா" என்றாள் கும்சில். "அன்னிக்கு நான் கதவோரம் போகாம இருந்திருந்தா..."

"போடி, பைத்தியக்காரி. கதவோரம் யாருக்குன்னு நமக்குள்ள கணக்குப் பார்க்க வேண்டியதில்ல. நம்ம எல்லாருக்குமே கதவு இருந்திருக்கணும்." மால்சுன் கீழே விரித்திருந்த தரைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். அத்தனை பேருடைய வியர்வையும் அதில் படம் படமாய்ப் படிந்திருந்தது. "காலி பண்ணச் சொன்னாரு, பண்ணிடுவோம். எங்க கொண்டு போய் வைக்கணும்னு சொன்னாரா?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விரிப்பைச் சுருட்டித் தோளில் தூக்கினார்கள். தலையணை, போர்வை, கடகடவென்று ஓடும் மின்விசிறி, கிம்ச்சி டப்பா, எல்லாம் படியேறின. பசை சுரண்டிய வட்டத்தில், மரத்தொட்டியைச் சுற்றி, நாடுகள் நிற்க வேண்டிய இடத்தில் விரித்தார்கள். காலணிகளைக் கழற்றி ஓரத்தில் ஒழுங்காய் வரிசை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கேரட்டும் கீரையும் நறுக்கிய சமையல்கட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சோறு குப்பைக்குப் போகிற கதையைக் கும்சில் சொன்னாள்.

"எங்க கை வெட்டுப்பட்டது குப்பைக்கா?" என்றாள் ஒருத்தி. ரப்பர் பூட்ஸைக் கழற்றி அவளும் வரிசையில் வைத்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

பியோன் ஓடி வந்தபோது வாசலில் விருந்தாளிகளின் பேருந்து வந்து நின்றுவிட்டது.

"என்ன அநியாயம் இது! நாட்டுக்கே அவமானம்!"

"நீங்க சொன்னதைத்தான் ஐயா செஞ்சோம். அறை காலி" என்றாள் மால்சுன். "தொழிலாளர் அலுவலகத்துக்குச் சொல்லிடுங்க, அறை மாடியேறி வந்துடுச்சுன்னு. இங்கயே வந்து பார்க்கட்டும். ஓக்நாம் படுத்த தலையணையும் இருக்கு. சன்னல் வச்ச அறை குடுங்க, அவ வேலையிலதான் விழுந்தான்னு எழுதிக் குடுங்க, எழுந்திருக்கிறோம்."

பியோன் காவலாளியைப் பார்த்துக் கத்தினார்: "இழுத்து வெளிய போடு!"

காவலாளி வேகமாய் வந்தான். விரிப்பின் விளிம்பில் அவன் கால் நின்றுவிட்டது.

"என்ன நிக்கிற? போ!"

"பூட்ஸோடயா ஐயா? சோறு திங்கிற விரிப்பாச்சே..." என்று குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். அவ்வளவு நிதானமாய் யாரும் கயிறு அவிழ்த்து மால்சுன் பார்த்ததில்லை.

அதற்குள் உலகத் தலைவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். விரிப்பையும், ஓரத்தில் வரிசையாய்க் காலணிகளையும் பார்த்தார்கள். இதுதான் நிகழ்ச்சி போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். விமானத்தில் படித்த மரியாதைப் பாடம் நினைவுக்கு வர, குண்டு போடும் நாட்டுக்காரரும் குண்டு வாங்கும் நாட்டுக்காரரும் ஒரே விளிம்பில் குனிந்து, தொப்பை இடிக்க ஷூவைக் கழற்றினார்கள். கேமராக்கள் மின்னின. பியோன் முகம் வெந்த நண்டாய்ச் சிவந்தது.

காலுறையோடு நின்ற ஒரு கனவான், தொட்டியருகே இரண்டு பெண்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைக் கைகாட்டி ஏதோ கேட்டார்.

பியோன் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தார்: "அந்த இடத்துல உட்காரலாமான்னு கேக்கிறாரு. காலியாத்தானே இருக்கு? விடுங்கம்மா, மானம் போகுது."

கும்சில் அந்த வெற்றிடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"காலி இல்ல. அங்க ஆள் இருக்கு."

"யாரு? ஒருத்தரும் இல்லையே!"

"ஆஸ்பத்திரியில இருக்கா" என்றாள் மால்சுன். "வருவா."

இன்னும் இரண்டு சமையல்காரிகள் வந்து உட்கார இடம் தேடினார்கள். பெண்கள் தோளோடு தோள் நெருக்கி நகர்ந்து கொடுத்தார்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை.