கடுகளவுப் பூ

மெலிதா எட்டு வருஷம் தண்ணீர் தெளித்து வளர்த்த ஆர்க்கிட் ஒருவழியாகப் பூத்தது, அவள் இரண்டு கண்ணிலும் புரை படர்ந்த பிறகு. பூவோ கடுகளவு. கண் ஆபரேஷனுக்குத் தலைநகர் கீத்தோவின் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த தேதி அடுத்த மாதம்தான். அதுவரை பூ நிற்காது.

"நீ பாத்துட்டல்ல, அது போதும்" என்றாள் புருஷனிடம். சொன்ன விதத்திலேயே போதவில்லை என்று ரொசெந்தோவுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அவள் மேல் உயிர். வெளியே காட்டத்தான் வராது.

அந்த மலையூரில் கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை எதுவானாலும் படம் பிடிப்பவர் அவர்தான். கடைப் பரணில் கிடந்த காமிராத் துருத்தியைத் தூசி தட்டி எடுத்து வந்தார். கொல்லன் துருத்தி மாதிரியே மடிப்பு மடிப்பாக, கறுப்பாக இருக்கும். காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டி நீட்ட நீட்ட, சின்னப் பொருளும் பெரிதாகிக்கொண்டே போகும். ஆனால் ரொம்பவே படுத்தும். லென்ஸைத் திருகிப் பயனில்லை. காமிராவையே மயிரிழை முன்னே, மயிரிழை பின்னே என்று நகர்த்த வேண்டும்.

மெலிதா தொட்டியைக் கையில் ஏந்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அரைமணி போராடி ரொசெந்தோ பூவைக் காமிராவுக்குள் தெளிவாகக் கொண்டுவந்துவிட்டார். அதன் மேல் ஒரு நீர்த்துளி. மனுஷனுக்கு நாற்பது வருஷப் பழக்கம்: படம் பிடிக்குமுன் எழுந்துபோய் மாப்பிள்ளை நெற்றி வியர்வையைத் துடைப்பார், காலரை இழுத்துவிடுவார். அதே நினைப்பில் எழுந்துபோய்த் தூரிகையால் லேசாகத் துடைத்தார்.

பூ உதிர்ந்தது.

"என்ன கிழவா, சத்தத்தையே காணோம்?"

"விழுந்துடுச்சு."

"எது, காமிராவா?"

"பூ."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஒரே ஒரு பூ. அதையும் பாழாக்கிவிட்டோமே!

"எங்க விழுந்துச்சு?"

ரொசெந்தோ தேடினார். "உன் விரல் மேலதான் இருக்கு."

"அப்புறம் என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற? எடு!"

தலையணை மேல் அவள் கையை வைத்து, துருத்தியை மறுபடி நீட்டினார். பூ உள்ளே வந்தது, மங்கியது, வந்தது, மங்கியது.

"ஆடாத, கிழவி."

"நான் எங்க ஆடுறேன்? கல்லு மாதிரி இருக்கேன்."

"உன் நாடி துடிக்குது."

"அதையும் நிறுத்தச் சொல்லுவியே! நிறுத்திட்டா நீ பாட்டுக்கு வேறொருத்தியக் கட்டிக்குவ."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பூ குதித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் பொத்தானை அமுக்கினார். அப்படிப் பிடித்ததில் ஒன்றே ஒன்று தேறியது.

கல்யாணப் படம் போடும் பெரிய தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மெலிதா வெளிச்சத்தில் மூக்கு படும்படி பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"அட, இதுக்கு நாக்கு இருக்கு! மீசை கூட இருக்கு! பூக்க மாட்டேங்குதேன்னு நான் வஞ்சதையெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கும் போல." கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு விரலைக் கீழே நகர்த்தினாள். "இது என்ன, உழுத காடா?"

"உன் விரல்."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "இம்புட்டு வெடிப்பா? ஊருல இருக்கிற பொண்ணுங்க மூஞ்சியில மருவு, தழும்பு எல்லாத்தையும் அழிச்சுத் தர்ற. கட்டுனவளுக்குச் செய்ய மனசு வரலையாக்கும்?"

"அழிக்கத்தான் உட்கார்ந்தேன்" என்றார் ரொசெந்தோ. "நல்லாப் பாரு. பூவு அந்த வெடிப்புலதான் மாட்டிக்கிட்டு நிக்குது. வழவழன்னு இருந்திருந்தா அன்னைக்கே வழுக்கித் தரையில போயிருக்கும்."

மெலிதா படத்தை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள். இந்தத் தடவை அவள் பூவைப் பார்க்கவில்லை.