கூடைக்காரி வேசம்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் கம்பஸ் அறிவிப்புப் பலகையில் ஆணி குத்த இடம் கிடைக்காது. விளையாட்டுப் போட்டி, விவாதப் போட்டி, அனுராதபுரச் சுற்றுலா, புகைப்படக் கண்காட்சி, பெயர் வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரின் விரிவுரை. சித்திரை விடுமுறைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று ஆளாளுக்குப் பறப்பார்கள். எழுபதாம் ஆண்டு அந்தக் கூட்டத்துக்குள் தமிழ்ச் சங்கத்தின் அறிவிப்பும் தொங்கியது. எங்கள் நகைச்சுவை நாடகம் கம்பஸில் ஒரு நாள், பிறகு பதுளையில் ஒரு நாள், பண்டாரவளையில் ஒரு நாள். கதாநாயகி: அழகையா.

ஆம், கதாநாயகிதான். கூடைக்காரி வேசம். அழகையா இறுதி வருடம், என் அறைத் தோழன். தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அந்தத் தோட்டத்திலிருந்து முதன்முதலாகக் கம்பஸுக்கு வந்தவன். நான் ஹுமைத். பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் மஹ்ரூப் முதலாளியின் மகன். எனக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது என்பதால் திரை இழுக்கிற கயிற்றைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

நாடகத்தின் கதையைக் கேளுங்கள். கொழுந்தெடுக்கிற ஒரு தாய், முதுகில் கூடையோடு, படிக்கிற மகனைத் தேடிக் கம்பஸுக்கு வந்துவிடுகிறாள். பியோனைப் பார்த்துத் ‘தொரை’ என்று கும்பிடுகிறாள். உட்காரச் சொன்னால் கூடையைக் கதிரையில் வைத்துவிட்டுத் தான் தரையில் உட்காருகிறாள். நூலகத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லையே என்று திகைக்கிறாள், அவளிடம் செருப்பே இல்லை. இப்படி ஒரு மணி நேரம். கம்பஸில் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எழுதி நெறிப்படுத்தியவர் எங்கள் விரிவுரையாளர் சிவகடாட்சம். கெட்ட மனிதர் இல்லை. மலைநாட்டுச் சனங்களை மேடைக்குக் கொண்டுவருகிறோம் என்று மனதார நம்பினார். அவருடைய துறையில் பரீட்சைக்குப் பிறகு ஒரு தற்காலிக உதவியாளர் வேலை காலியாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது அழகையாவுக்குத்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அழகையாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அது கிடைத்தால் தன் அம்மாவைக் கொழுந்து மலையிலிருந்து இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

எழுத்தில் அந்த வேசம் சப்பென்றுதான் இருந்தது. உயிர் கொடுத்தவன் அழகையா. கூடைக் கயிறு தலையில் இழுப்பதுபோல் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பான். யாராவது எதையாவது நீட்டினால், வாங்குவதற்கு முன் உள்ளங்கை இரண்டையும் இடுப்பில் அழுத்தித் துடைப்பான், ஒரு தரம் அல்ல, மூன்று நான்கு தரம். அதற்கே கூட்டம் உருண்டு புரளும். நானும் கயிற்றைப் பிடித்தபடி உருண்டவன்தான்.

பதுளைக்குப் போவதற்கு முன் சிவகடாட்சம் சேர் அவனைக் கூப்பிட்டார்.

“அழகையா, இந்தச் சந்தைக் கூடை எடுபடாது. உம்மட ஊரில இருந்து உண்மையான கொழுந்துக் கூடை ஒண்டு கொண்டு வாரும். கூடைக் கயித்துக்குக் கீழ தலையில போடுற கம்பளி நல்லாக் கிழிஞ்சதா இருக்கோணும். சனம் சிரிச்சால்தான் மனசில நிக்கும்.”

அதனால் நாங்கள் இருவரும் ஒரு நாள் முந்திப் புறப்பட்டுத் தெமோதரையில் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு நடக்கிற வழியெல்லாம் அழகையா ஒரே பேச்சைத்தான் திருப்பித் திருப்பிப் பேசினான்.

“மச்சான், அம்மாகிட்ட நாடகம்னு மட்டும் சொல்லு. என்ன நாடகம்னு வாயத் தொறந்துறாத.”

“நான் ஏன்டா சொல்லப் போறேன்? உன் வேசம், உன் அம்மா,” என்றேன். அவனுக்கு முகம் செத்துவிட்டது.

லயத்துக்குப் பக்கத்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றியிருந்தார்கள். ரதி மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக் காலம். தப்படிக்கிற சத்தம் லயத்து வாசல் வரைக்கும் கேட்டது. அவன் அம்மா இராக்கம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மகனைக் கண்டதும் கூடையை இறக்கினார். நான் கொண்டுபோன பிஸ்கட் பைக்கட்டை நீட்டினேன். அவர் உள்ளங்கை இரண்டையும் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கில் அழுத்தி, மூன்று நான்கு தரம் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒத்திகை தொடங்கி இரண்டு வாரமாக நான் சிரித்தது இதற்குத்தான். கொழுந்துச் சாறு பிடித்துக் கறுத்த கை அது. விருந்தாளி கொண்டுவந்த பொருளில் கறை படக்கூடாது என்று துடைக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அழகையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடை வேண்டும் என்று சொன்னதும் இராக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“நாடகமா? நீயா வேசம் கட்டுற? என்னா வேசம்?”

“கொழுந்தெடுக்குற ஒரு அம்மா வேசம்,” என்றான் அழகையா, தரையைப் பார்த்து.

“அடி ஆத்தே!” என்று கையைத் தட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெரியாயியைக் கூப்பிட்டார். “கேட்டியா? கம்பஸுல எம்புள்ள நம்ம வேசம் கட்டுறானாம். பெரிய பெரிய படிச்சவங்கெல்லாம் வந்து பாக்குறாங்களாம்.”

அவர்களுக்குத் தெரிந்த மேடை காமன் கூத்து மேடைதான். அங்கே ரதி வேசம் கட்டுபவன் ஆம்பிளை. விரதம் இருந்து கட்டுவான், வேசத்தோடு வந்தால் பெரியவர்களும் கும்பிடுவார்கள். பொம்பிளை வேசம் என்றாலே அது சாமி காரியம். இராக்கம்மா அந்தக் கணக்கில்தான் எங்கள் நாடகத்தையும் எடுத்துக்கொண்டார். சோறு போடும்போது கருவாட்டுக் குழம்பை எனக்கு மட்டும் ஊற்றினார்.

“ஒனக்கு வேணாம் ராசா. ஆடி முடிக்கிற வரைக்கும் கவிச்சி தொடாத.”

கிழிந்த கம்பளி கேட்டதற்கு ஒரு அதட்டல் விழுந்தது. “கிழிஞ்சதப் போட்டுக்கிட்டா மேடையேறுவ? பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?” பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத கம்பளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கூடையை அவரே கழுவினார். கயிற்றை அவன் தலையில் மாட்டி, “இப்பிடி இல்ல, கொஞ்சம் முன்னுக்குப் போடு, இல்லாட்டி கழுத்து வலிக்கும்,” என்று சரிசெய்தார். அழகையா அவர் சொன்னபடியெல்லாம் குனிந்தான், நிமிர்ந்தான். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

“நானும் வந்து பாக்குறேன்,” என்றார் இராக்கம்மா.

“டிக்கட் எல்லாம் முடிஞ்சு போச்சும்மா,” என்றான் அழகையா. யோசிக்காமல் வந்த பொய். வாய் தயாராக இருந்திருக்கிறது.

“அப்பிடியா?” அவர் முகம் சுருங்கி, உடனே தெளிந்தது. “அப்ப ஒன்னு செய். வாலிபப் பயலுக சிரிச்சான், விசிலடிச்சான்னு பயந்துறாத. போன வருசம் ரதி வேசம் கட்டுன பொன்னையாவப் பாத்து அப்பிடித்தான் விசிலடிச்சானுக. அவன் ஆத்தா நேரா மேடையில ஏறிப் புதுத் துண்டு போர்த்தி விட்டா. அப்புறம் ஒரு பய வாயத் தெறக்கணுமே! ஆளு இருக்குன்னு தெரிஞ்சா அடங்கிருவானுக.”

அடுத்த நாள் காலையில் கூடையோடு பதுளைக்கு வந்தோம். மதியத்துக்குப் பிறகு நாடகம். கடைக்காரர்கள், ஆசிரியர்கள், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்கள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. வேசம் கட்டிக்கொண்டே அழகையா என்னிடம் சொன்னான்.

“மச்சான், இன்னைக்குக் கையத் தொடைக்கிற கட்டம் செய்ய மாட்டேன். கழுத்தையும் சாய்க்க மாட்டேன். வசனத்த மட்டும் சொல்லிட்டு எறங்கிருவேன்.”

அவன் மேல் எனக்கு அன்று முதல் தடவையாக மரியாதை வந்தது.

திரையை இழுத்துத் திறந்தேன். முன்வரிசையைப் பார்த்தேன். நடு நாயகமாக என் வாப்பா. அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வெளுத்த சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இராக்கம்மா. பிறகுதான் விசயம் தெரிந்தது. ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி வந்தவர், புதுத் துண்டு வாங்க எங்கள் கடைக்கே போயிருக்கிறார். எம்மகன் வேசம் கட்டுறான், டிக்கட் இல்லையாம், வெளியில நின்னாவது பாக்கணும் என்று சொல்லியிருக்கிறார். வாப்பாவுக்கு அது பொறுக்குமா? நாடகம் இன்னதென்று அறியாத மனுசன், கையோடு கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

மேடை வெளிச்சத்தில் அழகையாவுக்கு முன்வரிசை தெரிந்திருக்காது, சொன்னபடிதான் தொடங்கினான். நிமிர்ந்து நடந்தான், வசனத்தை ஒப்பித்தான். மண்டபத்தில் ஓர் அசைவு இல்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். எதிர்ப்பக்கத் திரை மறைவில் சிவகடாட்சம் சேர் நின்றுகொண்டு, கையைத் துடை, கழுத்தைச் சாய் என்று சாடை காட்டிக்கொண்டேயிருந்தார். பியோன் வேசக்காரன் ஒரு கடதாசியை நீட்டினான். அழகையா நின்றான். சேரைப் பார்த்தான். பிறகு, என்ன சொல்ல, கை இரண்டும் தானாக இடுப்புக்குப் போய்விட்டன.

மண்டபம் வெடித்தது.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. சிரிப்புக்கு ருசி கண்டவன் நிறுத்துவானா? கழுத்து சாய்ந்தது, முதுகு வளைந்தது, கம்பஸில் செய்யாததையெல்லாம் செய்தான். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே திரையை இழுத்து மூடியிருப்பேன். சிரிப்புக்கு நடுவே பின்வரிசையிலிருந்து ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன், “ஏய் கூடைக்காரி!” என்று கத்தினான்.

இராக்கம்மா எழுந்தார்.

பக்கத்துப் படியில் ஏறி, புதுத் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, நேராக மேடைக்கு வந்தார். “இந்தா, அடுத்த ஆளும் வந்துட்டுது!” என்று யாரோ கத்த, சிரிப்பு இரண்டு மடங்கானது. அவர் மகன் தோளில் துண்டைப் போர்த்தினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவன் நெற்றியில் திருநீறு இட்டார். அவர் சொன்னது மூன்றடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது.

“நீ ஆடு ராசா. நான் இருக்கேன்ல. இனி ஒரு பய சிரிக்க மாட்டான்.”

அழகையா துண்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். சபையைப் பார்த்து, “இது எங்கம்மா,” என்றான். நாடக வசனம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். “நெசமாவே எங்கம்மா!” என்று கத்தினான். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிறகு அவன் சும்மா நின்றான். கூட்டமும் அடுத்த வசனத்துக்காகக் காத்துக்கொண்டு அடங்கியது.

இராக்கம்மாவுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கோவிச்சுக்காதீங்க ஐயாமாரே. புள்ள நல்லாப் படிக்கிற புள்ளதான். வசனம் மறந்து போச்சு.”

அன்று அந்த மண்டபத்தில் எழுந்த ஆகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். சிரிக்காமல் இருந்தவர் முன்வரிசையில் என் வாப்பா ஒருவர். யாரும் சொல்லாமலே நான் திரையை இழுத்து மூடினேன்.

சிவகடாட்சம் சேர் ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

“அபாரம்! ஆர் இந்த மனுசி? ஹுமைத், நீரே பிடிச்சுக் கொண்டு வந்தது? நாளைக்குப் பண்டாரவளையிலயும் இவ இப்பிடியே ஏறி வரட்டும். அழகையா, உம்மட வேலை விசயமும் முடிஞ்ச மாதிரித்தான்.”

இராக்கம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. “நானும் வரவா ராசா? கங்காணிகிட்ட லீவு கேட்டுப் பாக்குறேன்,” என்று பூரித்துப்போய்க் கேட்டார்.

அழகையா கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினான்.

“இது என் அம்மா, சேர். நாளைக்கு அவங்க வர மாட்டாங்க. நானும் வரல.”

சேர் அவனைப் பார்த்தார், இராக்கம்மாவைப் பார்த்தார். “யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?” என்று மட்டும் கேட்டார். அழகையா தலையாட்டினான். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். வேலையும் அவரோடு போய்விட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

“சாருகிட்ட இப்பிடியா பேசுறது? நல்லாத்தானே ஆடுன?” என்று இராக்கம்மா மகனைக் கடிந்தார். “சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். அதுக்கா ரோசப்படுற?”

அழகையா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

“அம்மா, அவங்க என்னையப் பாத்துச் சிரிக்கல. ஒன்னையப் பாத்துத்தான் சிரிச்சாங்க. நீ நடக்குறது, நிக்கிறது, கையத் தொடைக்கிறது, எல்லாத்தையும் நான்தாம்மா ஆடிக் காட்டிச் சிரிக்க வச்சேன்.”

இராக்கம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவனைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் கலைந்து போகிற கூட்டத்தின் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டார்.

“என்னையா?” என்றார். “அவங்களுக்கு என்னைய எங்கடா தெரியும்?”

கேட்டுவிட்டு, பதில் சொல்வோம் என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.